ஏழுமலை வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி

கடையை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. முழங்கால் குத்தவைக்க விடவில்லை. குத்தவைக்க முடியாத டூவீலர் மெக்கானிக் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனாலும் மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் புதிதாகக் கடை போட்டிருக்கும் தம்பிகளான நீங்கள் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் எடுத்துவிடவில்லை. சந்தேகம் வந்தால் வாய்ஸ் அனுப்பிக் கேட்கிறீர்கள். போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டிய கொண்டாந்து நிறுத்திட்டு, எல்லாம் செட் பண்ணிக் குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. முதல்ல எதைப் பார்க்கணும்?"

வாய்ஸில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். ஆயில், செயின், பிளக், பிரேக் ஷூ எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒரு வண்டியில் நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கடையை மூடுவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பு, ஒரு சனிக்கிழமை. காலையிலேயே வாசலில் ஐந்து வண்டி நிற்கிறது. ஏழுமலை என்பவன் ஒரு நூறு சிசி வண்டியில் வந்து இறங்கினான். முப்பது வயது இருக்கும். உப்பளத்தில் உப்பு வாருகிறவன். பின்னால் அவன் மனைவி கௌரி. அவளும் அதே உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். வண்டி வாங்கி இரண்டே நாள். நீல டேங்க் பளபளவென்று இருந்தது. சாவியில் ஒரு சின்ன வேல் தொங்கியது. அவன் நின்ற விதத்திலேயே வண்டியின் மேல் எவ்வளவு ஆசை என்று தெரிந்தது. ஒரு கையை சீட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

"திங்கக்கெழமலேர்ந்து ரெண்டு பேரும் திண்டிவனம் பக்கம் செருப்புக் கம்பெனிக்குப் போறோம்ணா" என்றான். "ஆறு மணி ஷிப்ட். கம்பெனி வேன் நம்ம பக்கம் வர்றதில்ல. முதல் வாரத்துல லேட்டா போனா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்களாம். வண்டி வழியில நிக்கக் கூடாது, அவ்ளோதான்."

"உப்பளத்த விட்டுட்டியா?"

"மழை வந்தா மூணு மாசம் சும்மா உக்காந்திருக்கோம். இவ கால வேற பாருங்க."

கௌரி பாதத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "வண்டியக் காட்ட வந்தியா, என் காலக் காட்ட வந்தியா?" என்று அவனிடம் சிடுசிடுத்தாள். பார்க்காமலே எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதம். எங்கள் ஊரில் அது புதிதில்லை.

"உங்க கை பட்ட வண்டிதாண்ணா இது. அத நம்பித்தான் வாங்கினேன்" என்றான் ஏழுமலை.

நான் சிரித்தேன். முப்பது வருடமாக ஒரே ரோட்டில் கடை வைத்திருக்கிறவனிடம் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. எப்போது, என்ன வேலை செய்தேன், யார் சொன்னது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஏழுமலை அதுவரைக்கும் இரவல் மொபெட் ஓட்டிப் பழகியவன். உயரம் குறைவு. பிரேக்கை அழுத்த ஒவ்வொரு முறையும் பாதத்தை முழுசாகத் தூக்கினான். பெடலை இறக்கி வைத்தேன். கிளட்ச் லீவரைச் சற்றுக் கீழே திருப்பி, அவன் விரல் எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தேன். கௌரியைப் பின்னால் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். முந்தானையைச் சுருட்டி மடியில் பிடித்துக்கொண்டு, பிடிக்க வேறு கையில்லாமல் தவித்தாள். புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்க சாரி கார்டு போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேரையும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்து, "இப்ப என் வண்டி மாதிரி இருக்குதுணா" என்றான். வாங்கிய வண்டி சொந்த வண்டி ஆகிற அந்த இடம் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தேன்.

இஞ்சின் அருமை. ஒரே உதை, பிடித்துக்கொண்டது. ஐடிலில் விட்டால் ஒரு தட்டு தடுமாற்றம் இல்லை. தம்பிகளே, நல்ல இஞ்சின் சத்தம் மெக்கானிக்கின் கண்ணை மூடிவிடும். என் கண்ணை மூடியது.

சீட்டைக் கழற்றலாம் என்று ஸ்பேனர் போட்டேன். பின்பக்க போல்ட் ஒன்று துருப்பிடித்துச் சுற்றவே இல்லை. அடித்துக் கழற்றினால் அரை மணி நேரம் போகும். வாசலில் ஐந்து வண்டிக்காரர்களும் மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கு அடியில் என்ன இருக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். வண்டி முழுக்கப் புது பெயின்ட் மின்னும்போது ஒரு போல்ட் மட்டும் ஏன் அப்படித் துருப்பிடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சாயந்திரம் வந்து எடுத்துக்கொண்டார்கள். கோவில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும் என்று கௌரி அவசரப்படுத்தினாள். போனார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, ரோட்டோரம் மீன் வாங்கப் போனேன். அங்கே பாஸ்கர் நின்றுகொண்டிருந்தான். அனுமந்தைக்காரன், மீன் வியாபாரம். ஒரு புது லோடு வண்டியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, வண்டி மாத்திட்டியா?" என்றேன்.

"ஆமாணா. பழச வித்துட்டேன். உப்பளத்துல வேலை செய்யறானே ஏழுமலை, அவன்தான் வாங்கினான். நேத்து உங்ககிட்டதான் வந்தானாமே?"

"அது நீல வண்டி. உன்னுது செவப்புதானே?"

"டேங்கு, சைடு கவரு எல்லாம் பழசாயிருந்துச்சுன்னு வேற மாட்டினேன். வண்டி அதே வண்டிதான். நீங்க வெல்டிங் வெச்சதுதாணா."

வாங்கிய மீனைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு பாஸ்கர் அந்த வண்டியை என் கடைக்குக் கொண்டுவந்திருந்தான். தினமும் ஐஸ் போட்ட மீன் பெட்டியைப் பின்னால் கட்டி ஓட்டுவான். உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக சீட்டுக்கு அடியில் இறங்கி, சேஸிஸ் குழாயைத் தின்றுவிட்டிருந்தது. சேஸிஸ் என்றால் வண்டியின் எலும்புக்கூடு. பின்பக்க ஷாக் அப்சார்பர் வந்து மாட்டுகிற இடத்தில், இடது குழாயில் விரல் நுழைகிற ஓட்டை. நான் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கருப்பு பெயின்ட் பூசிக் கொடுத்தேன். "குப்பத்துலேர்ந்து ஏலம் விடற எடம் வரைக்கும்தாணா ஓட்டுவேன், மெதுவா" என்று அவன் சொன்னதால் செய்தேன். டபுள்ஸ் போகாதே, தூரம் போகாதே, சீக்கிரம் வேறு வண்டி பார் என்று சொல்லியும் அனுப்பினேன். அவனும் சொன்னபடி நடந்தான். ஆனால் நான் சொன்னது அவன் காதில் மட்டும்தான் இருந்தது. வண்டியில் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை.

"ஏழுமலகிட்ட இதெல்லாம் சொன்னியா?"

"வெல்டிங் இருக்குதுன்னு சொல்லிட்டேணா. மறைக்கல. அண்ணன் கையால வெச்சது, பயப்படாம ஓட்டுன்னு சொன்னேன்."

அவன் பொய் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லி விற்றிருக்கிறான். அந்தப் பெயரை நம்பி ஏழுமலை என்னிடமே கொண்டுவந்து நிறுத்தினான். நானும் சீட்டைத் தூக்காமல், நல்லா இருக்குது போ என்று அனுப்பிவிட்டேன்.

ஏழுமலை நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை. பாஸ்கர் போனில் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. பாஸ்கரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏழுமலை வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "கம்பெனிக்கு எவ்ளோ நேரமாவுதுன்னு ஓட்டிப் பாத்துட்டு வர்றோம்னு ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. இப்பதான், கால் மணி நேரம் இருக்கும்" என்றார்.

திண்டிவனம் ரோடு. டபுள்ஸ். முப்பது கிலோமீட்டருக்கு மேல்.

"ரெண்டு வருசம் தாங்கிச்சுணா. இன்னிக்கா ஒடையப் போவுது?" என்றான் பாஸ்கர். நான் ஆக்சிலேட்டரைத் திருகினேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருப்பான் போல. என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

பிரம்மதேசம் நெருங்கும்போது முன்னால் நீல டேங்க் தெரிந்தது. ஏழுமலை நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தான், முப்பது முப்பத்தைந்து இருக்கும். பின்னாலிருந்து பார்த்தேன். கௌரி உட்கார்ந்திருந்த சீட்டும் கீழே ஓடுகிற டயரும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. சீட் இடதுபக்கம் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் மட்கார்டு டயரைத் தொட்டு எழுந்தது.

முப்பது வருடப் பழக்கத்தில் என் கட்டை விரல் ஹாரன் மேல் போய்விட்டது. அழுத்தவில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஹாரன் அடித்தால் நம் ரோட்டில் டூவீலர்காரன் என்ன செய்வான்? பெரிய வண்டி வருகிறது என்று இடதுபக்கம் தாரை விட்டு மண்ணில் இறங்குவான். அங்கே தார் ஓரம் ஒரு ஜாண் பள்ளம். அந்த ஒரு குலுக்கல் போதும். முந்திப் போய் கையைக் காட்டி மறித்தாலும் பயந்து அதையேதான் செய்வான். சும்மா பின்னாலேயே போகலாம் என்றால், கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கூடம் வருகிறது. அதற்கு முன்னால் பெரிய வேகத்தடை.

பாஸ்கரிடம், "கத்தாத. கைய ஆட்டாத" என்று மட்டும் சொன்னேன். மெதுவாக அவர்களுக்கு வலதுபக்கம் போய், அதே வேகத்தில் பக்கத்திலேயே ஓட்டினேன். முதலில் கௌரிதான் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணா! நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மாதான்மா" என்றேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன். "ஏழுமல, என்னப் பாக்காத, ரோட்டப் பாரு. ஆக்சிலேட்டர விட்டுடு. பிரேக் வேணாம். தார விட்டு எறங்காத. அப்படியே தானா நிக்கட்டும்."

"ஏண்ணா?"

"சொல்றத செய். அப்புறம் சொல்றேன்."

செய்தான். அதற்கு மேல் எதையும் கேட்காமல் செய்தான். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வண்டி வேகம் குறைந்து குறைந்து, நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். பாஸ்கர் இறங்கிப் போய் இரண்டு கையையும் விரித்து பஸ்ஸை நிறுத்தினான். வேகத்தடை அங்கிருந்து ஐம்பது அடி இருக்கும்.

"கௌரி, நீ மொதல்ல எறங்கு. குதிக்காத. மெதுவா."

அவள் இறங்கியதும் சீட் கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு மேலே எழுந்தது. வண்டியைத் தூக்காத குறையாக ஓரத்துக்குக் கொண்டுபோனோம். என் பையிலிருந்த ஸ்பேனரை வைத்துக் கல்லால் அடித்து, நேற்று விட்ட அந்த போல்ட்டை உடைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் வைத்த வெல்டிங் அப்படியே இருந்தது. துளி விரிசல் இல்லை. அதற்கு ஒரு விரல் மேலே குழாய் முக்கால் சுற்றுக்குக் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. உள்ளே இரும்பே இல்லை, செங்கல் பொடி மாதிரி துரு. ஏழுமலை குனிந்து அந்தப் பிளவில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டிய துருவைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"ரப்பர் கருகற வாசன வந்துச்சு. நான் சொன்னேன், இவுருதான் புது வண்டின்னா அப்படித்தான்னு சொன்னாரு" என்றாள் கௌரி. பிறகு என்னைப் பார்த்தாள். "நேத்து முழுக்க பாத்தீங்களேண்ணா?"

"சீட்டைத் தூக்கிப் பாக்கலம்மா. போல்ட் சுத்தல. விட்டுட்டேன்" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். உள்ளே இருந்தது தெரியாது, பெயின்ட் மறைத்துவிட்டது, பாஸ்கர் சரியாகச் சொல்லவில்லை என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஏழுமலை கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. "நாளைக்கு ஆறு மணிக்கு நான் கம்பெனியில இருக்கணும்ணா" என்றான். "இன்னொரு தகடு வெச்சு அடிச்சுக் குடுங்க. உங்க வெல்டிங்தான் நிக்குதே. ஒரு வாரம் ஓட்டிக்கறேன். வேலை நெலைச்சிடுச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறேன்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. பாஸ்கரும் என் முகத்தையே பார்த்தான். வெல்டிங் மிஷின் கடையில் இருக்கிறது. ஒரு மணி நேர வேலை. முதல் முறையும் அது ஒரு மணி நேர வேலையாகத்தான் இருந்தது.

"முடியாது" என்றேன்.

"அண்ணா, கெஞ்சிக் கேக்கறேன்."

"நான் எங்க வெச்சாலும் அது நிக்கும், ஏழுமல. அதுக்குப் பக்கத்துல இருக்கறது நிக்காது. மாட்டேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கௌரி சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற உரிமை எனக்கு அன்றைக்கு இல்லை. என் வண்டிச் சாவியை எடுத்து ஏழுமலையிடம் நீட்டினேன்.

"இது என் சொந்த வண்டி. சேஸிஸ் எனக்குத் தெரியும். வேற வண்டி கெடைக்கிற வரைக்கும் ஓட்டு."

அவன் உடனே வாங்கவில்லை. "நீங்க எதுலண்ணா போவீங்க?"

"எனக்குக் கடை அரை கிலோமீட்டர்."

பாஸ்கரின் லோடு வண்டியை வரவழைத்து நீல வண்டியை ஏற்றிக் கொண்டுவந்தோம். அன்றைக்கு மத்தியானமே என் வண்டியை அவனுக்குச் செட் செய்தேன். என் வண்டி கொஞ்சம் உயரம். அவனுக்குக் கால் முழுசாக ஊன்றவில்லை. சீட் ஃபோமைச் சீவிக் குறைத்தேன். நேற்றுப் போட்ட சாரி கார்டைக் கழற்றி இதில் மாட்டினேன். என் வண்டிக்கு மூன்றாவது கியரிலிருந்து நான்காவது விழும்போது ஒரு முரண்டு உண்டு, அதை எப்படிச் சமாளிப்பது, பெட்ரோல் ரிசர்வ் வந்தால் எத்தனை தூரம் ஓடும், மழை நாளில் எந்த பிரேக்கை நம்பலாம் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கிக் காட்டச் சொன்னேன். பத்து தடவை ஏறி இறங்கினான். கௌரியும் கூடவே உட்கார்ந்து வந்தாள். கடைசித் தடவைதான் அவள் கை கம்பியை இறுக்கிப் பிடிக்காமல் இருந்தது.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு கம்பெனி கேட்டில் நின்றார்களாம். இரண்டு பேருமே நிலைத்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் என் வண்டியில்தான் போனார்கள். பிறகு வேறு ஒரு பழைய வண்டி பார்த்தான். இந்த முறை வாங்கும் முன்பே என்னைக் கூட்டிப் போனான். நான் சீட்டையும் டேங்கையும் இறக்கி, குழாய் நெடுக ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். துரு தின்ற இடத்தில் சத்தம் மாறும். விற்கிறவருக்கு எரிச்சல். ஏழுமலை மட்டும் பொறுமையாகக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நீல வண்டியைப் பாஸ்கர் திரும்ப எடுத்துக்கொண்டான். பணக் கணக்கு அவர்கள் இருவருக்குள் முடிந்தது. முடித்துவிட்டு என் கடைக்கு வந்து, "இஞ்சின் நல்லா இருக்குதுணா. அப்படியே யாராவது உப்பளத்துக்காரங்க கேட்டா குடுத்துடலாமா? ஊருக்குள்ளயே ஓட்டுவாங்க" என்றான்.

"இஞ்சின எடுத்துக்கோ. சேஸிஸ எனக்குக் குடு."

"அத வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

கட்டிங் மிஷினைப் போட்டேன். பாஸ்கர் கூடவே நின்று குழாயைப் பிடித்துக்கொண்டான். மூன்று துண்டாக அறுத்தோம்.

பிறகு யார் செகண்ட் ஹேண்ட் வண்டி கொண்டுவந்தாலும் ஸ்பேனர் எடுக்கும் முன் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன். யார் ஓட்டினது, பின்னால் என்ன கட்டினாங்க, இனிமே யார் ஓட்டப் போறாங்க. நம் பக்கத்தில் இரண்டாவது கேள்வி முக்கியம். மீன் கட்டியது, உப்பு மூட்டை கட்டியது, இரண்டுமே கீழே சொட்டும். போன் நம்பர் வாங்கி எழுதி வைப்பதும் அப்போதுதான் ஆரம்பித்தது. சேஸிஸ் வெல்டிங் அதோடு நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதால் வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டவில்லை. கடையை மூடுவதற்கு ஒரு மாதம் முன்பு, எக்கியார்குப்பத்துப் பக்கமிருந்து ஒருவர் வண்டி கொண்டுவந்தார். அதே இடம், அதே ஓட்டை. வலதுபக்கக் குழாய். மாட்டேன் என்றேன். ஏன் என்று விளக்கினேன். அவருக்குப் பொண்ணு கல்யாண வேலை, கையில் வேறு வண்டி இல்லை. "உங்களுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது, அத சொல்லாம கதை சொல்றீங்க" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து அதே வண்டி என் கடையைத் தாண்டிப் போனது. சீட்டுக்கு அடியில் புதுக் கருப்பு பெயின்ட். யார் அடித்துக் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. நம்மில் ஒருவர்தான்.

அவர் அந்த வண்டியை எப்போதோ விற்றுவிட்டார் என்று போன மாதம் கேள்விப்பட்டேன். யாரிடம் என்று அவருக்கே சரியாக நினைவில்லை, கைமாறிக் கைமாறிப் போய்விட்டதாம். பச்சை டேங்க். இப்போது வேறு நிறமாகக்கூட இருக்கலாம். இந்தக் கரையில்தான் எங்கேயோ ஓடுகிறது. புதிதாக வாங்கிய சந்தோஷத்தோடு யாராவது ஒருவர் உங்கள் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். அன்றைக்கு எத்தனை வண்டி காத்திருந்தாலும் வலதுபக்கக் குழாயைப் பாருங்கள்.